இரண்டு கிராபிக்ஸ் கார்டுக்குத் திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு கார்டு போட்டால் எஃப்பிஎஸ் (நொடிக்குத் திரையில் வரும் பிரேம்களின், அதாவது படங்களின், எண்ணிக்கை) இரண்டு மடங்காகும் என்ற கணக்கில்தான் பெரும்பாலான திட்டங்கள் தொடங்குகின்றன. 2004-இல் ஜீஃபோர்ஸ் 6 வரிசையோடு இரண்டு கார்டைச் சேர்த்து ஓட்டும் எஸ்எல்ஐ-யை என்விடியா கொண்டுவந்தபோதும், மறு வருடம் ஏடிஐ (இன்றைய ஏஎம்டியின் கிராபிக்ஸ் பிரிவு) அதற்குப் போட்டியாகக் கிராஸ்ஃபயரை இறக்கியபோதும் அந்தக் கணக்கில் ஓரளவு நியாயம் இருந்தது. இன்று இல்லை. ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில் 3090, 3090 டிஐ இரண்டில் மட்டும்தான் கார்டுகளை நேரடியாகக் கோக்கும் என்விலிங்க் இணைப்பு இருந்தது. 40 வரிசையில் அதுவும் போய்விட்டது. 2021 ஜனவரி 1 முதல் பழைய கார்டுகளுக்குப் புதிய எஸ்எல்ஐ புரொஃபைல் (கேமுக்குக் கேம் டிரைவரில் எழுதும் அமைப்பு) எழுதுவதையும் என்விடியா நிறுத்தியது. ஏஎம்டி 2019-இல் ஆர்எக்ஸ் 5700 வரிசையிலேயே கிராஸ்ஃபயரைக் கைவிட்டுவிட்டது.

காரணம் கேம்களுக்குள்ளேயே இருக்கிறது. எஸ்எல்ஐ பெரும்பாலும் ஒரு பிரேமை முதல் கார்டும் அடுத்த பிரேமை இரண்டாவது கார்டுமாக மாறி மாறி வரையும் முறை. இன்றைய கேம்களில் படத்தின் விளிம்புகளை மழுப்பும் டிஏஏ, சிறிய படத்தைப் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் எல்லாமே முந்தைய பிரேமின் தகவலைக் கேட்கின்றன. அந்த பிரேம் பக்கத்துக் கார்டில் கிடக்கிறது. அதை வரவழைக்கும் வரை இந்தக் கார்டு காத்திருக்க வேண்டும். அதனால் வேகம் குறைவதோடு, பிரேம்கள் சீரான இடைவெளியில் வராமல் படம் விக்கி விக்கி நகரும். டைரக்ட்எக்ஸ் 12, வல்கனில் (கேம் கார்டோடு பேசும் இடைமுகங்கள்) கேம் தயாரிப்பாளரே இரண்டு கார்டுக்கு ஆதரவு எழுத வழி உண்டு. ‘ஷேடோ ஆஃப் த டூம் ரைடர்’ போன்ற சில கேம்கள் எழுதியும் இருந்தன. புதிய கேம்களில் அதை எதிர்பார்த்துப் பணம் போடாதீர்கள்.

இதோடு ஒட்டி வரும் இன்னொரு தவறு: 8 ஜிபி கார்டு இரண்டு இருந்தால் 16 ஜிபி விராம் (கார்டின் சொந்த மெமரி) என்று எண்ணுவது. மாறி மாறி வரையும் முறையில் இரண்டு கார்டுமே எல்லா டெக்ஸ்சர்களையும் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) தன்னிடம் வைத்திருக்க வேண்டும். ஆகவே கேமுக்குக் கிடைப்பது 8 ஜிபிதான். “இப்போது ஒன்று, அடுத்த வருடம் இன்னொன்று” என்ற திட்டமும் இதனால்தான் பலிக்காது. அந்த இரண்டாவது கார்டின் பணத்தைச் சேர்த்து, பழையதை விற்று, ஒரே பெரிய கார்டாக வாங்குவது எல்லா கேமிலும் பலன் தரும்.

அப்படியானால் இரண்டாவது கார்டு எதற்கு?

இதற்குப் பதில் தெரியாமல் மதர்போர்டு வாங்குவதுதான் மிகப் பெரிய தவறு. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் செய்பவர்களுக்கு எஸ்எல்ஐ இல்லாமலே இரண்டு கார்டும் சேர்ந்து உழைக்கும். வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டுபவர்கள் மாடலைப் பகுதி பகுதியாகப் பிரித்து இரண்டு கார்டிலும் ஏற்றலாம். அங்கே மட்டும் 24 ஜிபியும் 24 ஜிபியும் உண்மையிலேயே 48 ஆகும். கேமிங்குக்கு மிஞ்சியிருப்பது பிரேம் ஜெனரேஷன். லாஸ்லெஸ் ஸ்கேலிங் என்ற மென்பொருளில், பெரிய கார்டு கேமை ஓட்ட, சிறிய கார்டு இடைப்பட்ட பிரேம்களை உருவாக்கிச் சேர்க்கும். பெரிய கார்டின் மேல் அந்தச் சுமை விழாது. 60 எஃப்பிஎஸ் 120 ஆகத் தெரியும், ஆனால் மவுஸின் பதில் 60-க்கு உரியதுதான். போட்டி ஷூட்டர் கேம் ஆடுபவர்களுக்கு இதில் லாபமில்லை.

இந்த முறையில் பலரும் இடறுவது மானிட்டர் கேபிளில். மானிட்டரைச் சிறிய கார்டில்தான் செருக வேண்டும். பெரிய கார்டில் செருகினால் பிரேம் போய்த் திரும்பி இன்னொரு முறை பஸ்ஸை (கார்டுகளுக்கு இடையே தகவல் போகும் பாதை) கடக்க வேண்டியிருக்கும். தாமதம் கூடும், எஃப்பிஎஸ் விழும். அதனால் சிறிய கார்டின் டிஸ்ப்ளேபோர்ட், எச்டிஎம்ஐ பதிப்பு உங்கள் மானிட்டரின் ரெசல்யூஷனுக்கும் ரெஃப்ரெஷ் ரேட்டுக்கும் தாங்குமா என்று வாங்கும் முன்பே பாருங்கள். பிறகு விண்டோஸ் 11-இன் கிராபிக்ஸ் அமைப்பில் கேமுக்குப் பெரிய கார்டையும், லாஸ்லெஸ் ஸ்கேலிங்குக்குள் சிறிய கார்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாவதை விட்டுவிட்டால், மானிட்டர் இருக்கும் சிறிய கார்டிலேயே கேம் ஓடத் தொடங்கிவிடக்கூடும்.

ஸ்லாட்டின் நீளத்தைப் பார்த்து ஏமாறுவது

மதர்போர்டில் இரண்டு நீள ஸ்லாட் இருப்பதால் இரண்டும் எக்ஸ்16, அதாவது 16 லேன் (தகவல் போகும் தடங்கள்) உள்ளவை, என்று அர்த்தமில்லை. ஏஎம்டியின் ஏஎம்5 பிராசஸரோ இன்டெலின் எல்ஜிஏ1700 பிராசஸரோ கிராபிக்ஸுக்குத் தருவது 16 லேன்தான். மேல் ஸ்லாட் அதை எடுத்துக்கொள்கிறது. கீழ் ஸ்லாட் பெரும்பாலும் சிப்செட்டிலிருந்து (போர்டிலுள்ள துணைச் சிப்) 4 லேன் வாங்குகிறது. ஏஎம்டியின் பி650 சிப்செட் உள்ள போர்டுகள் சிலவற்றில் அது ஒரே லேன்தான்.

எவ்வளவு போதும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 1440பி பிரேம் ஒன்றில் 2560 × 1440 பிக்சல், பிக்சலுக்கு 4 பைட்: சுமார் 14.7 எம்பி. நொடிக்கு 120 பிரேம் கடத்தினால் கிட்டத்தட்ட 1.8 ஜிபி. 4கே பிரேம் 33 எம்பி; 120 பிரேமுக்கு ஏறக்குறைய 4 ஜிபி. பிசிஐஇ (இந்த ஸ்லாட்களின் தரம்) 3.0 எக்ஸ்4 ஸ்லாட்டின் வரம்பும் சுமார் 4 ஜிபிதான். 1440பி-க்கு அது போதும். 4கே-வில் 60 பிரேமைத் தாண்டினால் 4.0 எக்ஸ்4 வேண்டும். 3.0 எக்ஸ்1-இல் சுமார் 1 ஜிபிதான் கிடைக்கும், அதை மறந்துவிடுங்கள்.

இரண்டு ஸ்லாட்டுக்கும் எக்ஸ்8 எக்ஸ்8 ஆகப் பிரித்துத் தரும் போர்டு வேண்டுமானால் இன்டெலில் பெரும்பாலும் இசட் வரிசை சிப்செட்டுக்குப் போக வேண்டும்; பி760-இல் அந்த வசதி இல்லை. அதிலும் போர்டுக்குப் போர்டு மாறும் என்பதால், தயாரிப்பாளரின் மேனுவலை இறக்கி, ஸ்லாட் பக்கத்தை அடிக்குறிப்பு வரை படியுங்கள். “இந்த எம்.2-வில் எஸ்எஸ்டி போட்டால் கீழ் ஸ்லாட் வேலை செய்யாது” என்ற வரி அங்கேதான் சின்ன எழுத்தில் இருக்கும்.

இடம்: மில்லிமீட்டரில் தோற்பது

ஏடிஎக்ஸ் போர்டில் ஸ்லாட்டுக்கு ஸ்லாட் இடைவெளி 20.32 மிமீ. பல போர்டுகளில் முதல் நீள ஸ்லாட் இரண்டாவது இடத்தில் இருக்கும். அங்கே மூன்று ஸ்லாட் தடிமனுள்ள கார்டு 2, 3, 4-ஐ அடைத்துக்கொள்ளும். அடுத்த நீள ஸ்லாட் 5-ஆம் இடத்தில் இருந்தால் இரண்டு கார்டும் ஒட்டிக்கொள்ளும். மேல் கார்டின் ஃபேன்களுக்குக் காற்று கிடைக்காது, கீழ் கார்டின் சூடும் அதற்குத்தான் போகும். குறைந்தது ஒரு ஸ்லாட் இடைவெளி வேண்டும்.

7-ஆம் இடத்தில் இருந்தால் காற்றுக்கு நல்லது, ஆனால் அங்கே வேறு சிக்கல். இரண்டு ஸ்லாட் தடிமனுள்ள கார்டு 7-ஐயும் 8-ஐயும் கேட்கும். ஏழு ஸ்லாட் கேபினட்டில் எட்டாவது இடமே கிடையாது. கார்டு உள்ளே இறங்காது, அல்லது பவர் சப்ளை மூடியில் மோதும். எட்டு ஸ்லாட் கேபினட்டைத் தேடுங்கள், இல்லையென்றால் ஒரு ஸ்லாட் கார்டு பாருங்கள். போர்டின் அடி விளிம்பில் முன்பக்க பட்டன், யுஎஸ்பி, ஆடியோ பின்கள் இருப்பதையும் மறக்க வேண்டாம். கார்டு அவற்றின் மேல் உட்காரும். ஒயர்களைக் கார்டுக்கு முன்பே மாட்டி, படுக்கையாக மடக்கிவிட வேண்டும்.

ரைசர் கேபிள் (கார்டை ஸ்லாட்டிலிருந்து தள்ளி வைக்க உதவும் நீட்டிப்பு) போட்டால் பிசிஐஇ 4.0-வுக்கு உரியதையே வாங்குங்கள். 3.0 கேபிளில் 4.0 கார்டைப் போட்டால் திரை கறுத்துப் போவதும் கேம் நடுவில் நிற்பதும் வழக்கம். அப்படி மாட்டிக்கொண்டால் பயாஸில் அந்த ஸ்லாட்டை ஜென் 3-க்கு (பிசிஐஇ 3.0) இறக்குங்கள்.

கரண்ட் கணக்கு

ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் 220 வாட், ஆர்எக்ஸ் 6600 132, ரைசன் 7 7800எக்ஸ்3டி அதிகபட்சம் 162. மற்றதற்கெல்லாம் 60 சேர்த்தால் 575 வாட் அளவு. இதற்கு நல்ல 850 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) தாராளம். இரண்டு ஆர்டிஎக்ஸ் 3090 என்றால் கார்டுகளுக்கே 700 வாட். கண நேரத்துக்கு அதைவிட வெகுவாக எகிறும். 1200 வாட்டுக்குக் குறைய வேண்டாம், ஏடிஎக்ஸ் 3.0 தரம் இருந்தால் அந்தத் திடீர் உயர்வுகளைத் தாங்கும். ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை 80 சதவீதமாக வைத்தால் கார்டுக்கு 280 வாட்டில் நிற்கும், வேக இழப்பு சொற்பமே.

ஒரே கேபிளில் தொங்கும் இரண்டு 8 பின் முனைகளை இரண்டு கார்டுக்குப் பங்கு போடாதீர்கள். ஒவ்வொரு 8 பின்னுக்கும் 150 வாட். தனித்தனிக் கேபிள் இழுங்கள். கேபிள் குறைகிறது என்று வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளை எடுத்துச் செருகுவது ஆபத்தானது. செருகும் முனை ஒன்றுபோல இருந்தாலும் பின் வரிசை மாறியிருக்கும், கார்டு எரிந்துபோகும்.

வீட்டில் வழக்கமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தருவது 360 வாட் அளவுதான். மேலே சொன்ன சின்ன ஜோடிக்கே அது போதாது. கேம் ஓடும்போது கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும். அறையின் சூட்டையும் எண்ணிப் பாருங்கள்: 800 வாட் இழுக்கும் பிசி, ஒரு டன் ஏசியின் குளிர்விக்கும் திறனில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தின்றுவிடும்.

டிரைவர்

இரண்டும் என்விடியா என்றால் ஒரே டிரைவர் இரண்டுக்கும் பொருந்த வேண்டும். மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்கு 580 வரிசை டிரைவர்தான் கடைசி. ஜிடிஎக்ஸ் 1060 பாஸ்கல் கார்டு. எனவே அலமாரியில் கிடக்கும் ஜிடிஎக்ஸ் 1060-ஐப் புதிய ஆர்டிஎக்ஸ் 50 கார்டோடு சேர்த்தால், புதியதற்கும் பழைய டிரைவரிலேயே நிற்க வேண்டிவரும். ஒன்று என்விடியா, ஒன்று ஏஎம்டி என்று கலந்து போடுவது பிரேம் ஜெனரேஷனுக்குத் தடையில்லை. டிரைவர்கள் தனித்தனி என்பதால் இந்தத் தொல்லையும் இராது.

எல்லாம் மாட்டி முடித்ததும் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து, இரண்டு கார்டுக்கும் பஸ் இன்டர்ஃபேஸ் வரியைப் பாருங்கள். கார்டு சும்மா இருக்கும்போது அது 1.1 என்று குறைத்துக் காட்டும், பயப்பட வேண்டாம். பக்கத்திலிருக்கும் கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட்டை ஓடவிட்டால் உண்மையான எண் தெரியும். அப்போதும் எதிர்பார்த்த எக்ஸ்4-க்குப் பதில் எக்ஸ்1 வந்தால், முதலில் எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதன் பிறகு கார்டைக் கழற்றித் திரும்பச் செருகிப் பாருங்கள்.