சோலைக்காடு ஏன் தேயிலையைவிட இருட்டாகத் தெரிகிறது? செயற்கைக்கோள் படத்தில் காட்டைப் படிக்க ஒரு செய்முறை

நீலகிரியின் செயற்கைக்கோள் படத்தை, செடிகொடிகளைச் சிவப்பாகக் காட்டும் ஃபால்ஸ் கலரில் (போலி நிறத்தில்) முதன்முதலில் திறந்தபோது அவலாஞ்சி பக்கத்துச் சோலைகள், அதாவது உயர்மலைப் பசுமைமாறாக் காடுகள், கருஞ்சிவப்புத் திட்டுகளாகவும், குன்னூர் தேயிலைத் தோட்டங்கள் பளீரென்ற சிவப்பாகவும் தெரிந்தன. சோலை அழிந்துகொண்டிருக்கிறது என்றே முடிவுகட்டிவிட்டேன். அது அபத்தம். ஏன் என்று நீங்களே செய்து பார்க்கலாம். இணைய இணைப்பும் ஒரு மணி நேரமும் போதும்.

படி 1: படத்தை எடுங்கள்

கோபர்னிகஸ் பிரவுசர் என்ற இலவசத் தளத்தைத் திறந்து, தேடும் பெட்டியில் முதுமலை என்று கொடுங்கள். ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2-இன் எல்2ஏ தரவைத் தேர்ந்தெடுங்கள். எல்2ஏ என்றால் காற்றுமண்டலத்தின் பாதிப்பைக் கழித்த படம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம்தான் தெரியும், அதனால் டிசம்பரில் ஒரு தேதி, மார்ச்சில் ஒரு தேதி என்று மேகமில்லாத இரண்டு படங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஃபால்ஸ் கலருக்கு மாறுங்கள்

இயல்பான நிறத்தில் எல்லாக் காடும் ஒரே கரும்பச்சைதான். ஃபால்ஸ் கலரில் நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி, அதாவது பி8 பட்டை (செயற்கைக்கோள் தனியாக அளக்கும் ஒரு ஒளிப்பகுதி), சிவப்பாகக் காட்டப்படும். இலையிலுள்ள பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். அகச்சிவப்பை அது தொடுவதில்லை. இலைக்குள் காற்று இடைவெளிகளோடு இருக்கும் செல்களில் பட்டுச் சிதறி, அதில் ஏறக்குறைய பாதி திரும்பி வெளியே வந்துவிடும். படத்தில் சிவப்பாகத் தெரிவது அந்த வெளிச்சம்தான்.

படி 3: சோலையையும் தேயிலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

வரைபடத்தை அவலாஞ்சி, குன்னூர் பக்கம் நகர்த்துங்கள். இதில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். தேயிலைச் செடிகளின் மேற்பரப்பு மேசைபோலச் சமமாக இருக்கும், வெயில் எல்லா இலையிலும் படும். சோலையில் மர உச்சிகள் மேடும் பள்ளமுமாக இருக்கும். ஒரு மரத்தின் நிழல் அடுத்த மரத்தின் மேல் விழும். சென்டினல்-2 முற்பகலில் கடக்கிறது, அப்போது வெயில் சாய்வாகத்தான் இருக்கும். ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதற்குள் வெயில்பட்ட இலை, நிழல்பட்ட இலை, இடைவெளி எல்லாம் கலந்து ஒரே எண்ணாகிவிடும். இலை எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் நிழல் அந்த எண்ணை இறக்கிவிடும்.

சோலை பெரும்பாலும் மலை மடிப்புகளுக்குள்தான் இருக்கிறது. டிசம்பரில் சூரியன் தென்கிழக்கில் தாழ்ந்து நிற்பதால் வடமேற்குச் சரிவுகள் இன்னும் இருளும்.

இன்னொரு வேடிக்கை: தேயிலைக்கு நடுவே சாம்பல்நீலமாக ஒரு சதுரம் தெரிந்தால் பதறாதீர்கள். கவாத்து வெட்டிய பாத்தியாக இருக்கலாம். இலை போய் மண்ணும் குச்சியும் தெரிகின்றன, அவ்வளவுதான்.

படி 4: என்டிவிஐ போட்டுப் பாருங்கள்

என்டிவிஐ என்பது பசுமையை ஒரே எண்ணில் சொல்லும் அளவு. கணக்கு எளிது: பி8-லிருந்து பி4-ஐக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். பி4 என்பது சிவப்புப் பட்டை. புரிவதற்காக நானே போட்ட எண்கள் இவை. தேயிலை: பி8 0.35, பி4 0.03, விடை 0.84. சோலை: 0.24, 0.02, விடை 0.85. நிழல் இரண்டு பட்டைகளையும் சேர்த்தே இறக்குவதால் வகுக்கும்போது பெருமளவு அடிபட்டுப் போகிறது. நிறத்தைப் பார்த்து நான் போட்ட முடிவு இங்கேதான் கவிழ்ந்தது. ஆனால் அடர்ந்த காட்டில் என்டிவிஐ ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது. இலை இன்னும் கூடினாலும் எண் அசையாது. அதனால் இதை மட்டும் வைத்து இது சோலை, இது தேயிலை என்று பிரித்துவிட முடியாது.

படி 5: இரண்டு தேதிகளை ஒப்பிடுங்கள்

இப்போது முதுமலைக்கு இறங்குங்கள். இரண்டு படங்களையும் ஒப்பிடும் பகுதியில் சேர்த்து, நடுக்கோட்டை இழுத்துப் பாருங்கள். டிசம்பரில் சிவப்பாக இருந்த தேக்குக் காடு மார்ச்சில் பழுப்பும் சாம்பலுமாகியிருக்கும். மரம் சாகவில்லை, இலையுதிர்த்து நிற்கிறது. இப்போது செயற்கைக்கோளுக்குத் தெரிவது கிளை, காய்ந்த புல், மண். மரத்தடியில் உண்ணிச்செடி பச்சையாக நின்றால் அதன் வெளிச்சமும் சேர்ந்துவிடும், அதை மர இலை என்று எண்ணிவிடக் கூடாது. கிழக்கே மசினகுடிப் பக்கம் மழை குறைந்த முட்புதர்க்காடு என்பதால் அங்கே டிசம்பரிலேயே மண் எட்டிப்பார்க்கும்.

படி 6: தீயா, இலையுதிர்வா?

சந்தேகம் வந்தால் எஸ்டபிள்யூஐஆர், அதாவது குற்றலை அகச்சிவப்புக் காட்சிக்கு மாறுங்கள். இலையிலுள்ள நீர் குற்றலை அகச்சிவப்பை உறிஞ்சும். எரிந்த நிலத்தில் இலையும் இல்லை, நீரும் இல்லை. அண்மை அகச்சிவப்பு சட்டென்று விழும், குற்றலை உயர்ந்து நிற்கும். தீத்தழும்பு செம்பழுப்பாக, பெரும்பாலும் சாலையிலோ தீத்தடுப்புக் கோட்டிலோ வெட்டியதுபோல் நின்றுவிடும். இலையுதிர்வுக்கு அப்படி ஓரம் கிடையாது, மெல்ல மெல்லக் கரையும்.

அப்புறம் மே மாதப் படம் ஒன்றையும் பாருங்கள். கோடை மழை பெய்து தேக்கு துளிர்த்திருந்தால், மார்ச்சில் சாம்பலாகக் கிடந்த அதே பிக்சல் மறுபடி சிவந்திருக்கும்.