எஸ்ஏடியா, ஏசிடியா? முதலில் கல்லூரிப் பட்டியல்

எஸ்ஏடி, ஏசிடி இரண்டும் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் பொதுத் தேர்வுகள். அந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் பயிற்சி வகுப்பில் பணம் கட்டும் முன், தங்கள் கல்லூரிகள் என்ன கேட்கின்றன என்று பாருங்கள். எம்ஐடி 2022இல் இந்தத் தேர்வை மறுபடி கட்டாயமாக்கியது. ஹார்வர்டு, பிரவுன், டார்ட்மத் எல்லாம் 2024இல் அதே முடிவை அறிவித்தன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ சேர்க்கைக்கு இந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. பட்டியலில் அது மட்டும்தான் என்றால் இந்தத் தேர்வே வேண்டாம்.

சரி, தேர்வு வேண்டும் என்றால் எஸ்ஏடி, ஏசிடி இரண்டில் ஒன்று போதும். இரண்டையும் ஏற்கிறார்கள், இரண்டுக்கும் தயாராவது வீண் அலைச்சல் என்பதே என் எண்ணம்.

எது என்று எப்படி முடிவு செய்வது? ஒரு சனிக்கிழமை எஸ்ஏடி மாதிரித் தேர்வு, அடுத்த சனிக்கிழமை ஏசிடி. இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. கடிகாரம் வைத்து, போனை வேறு அறையில் போட்டுவிட்டு எழுதட்டும். எஸ்ஏடி கணிதத்தில் இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றிலும் 22 கேள்விக்கு 35 நிமிடம். அதில் முதல் பகுதியை எப்படிச் செய்கிறோமோ அதை வைத்துத்தான் இரண்டாம் பகுதி கடினமாகவோ எளிதாகவோ வரும். என் மகள் முதல் பகுதியில் அவசரப்பட்டே மதிப்பெண்ணை விட்டாள். அப்புறம் மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், எந்தத் தேர்வில் நேரம் போதாமல் கேள்விகளை விட்டார்கள் என்றும் எண்ணிப் பாருங்கள்.