பிஸாரோவின் ரூவான் துறைமுகம்: வாட்டர்கலரில் வரைவது எப்படி?

பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் காமீய் பிஸாரோ 1896-ல் பிரான்ஸின் ரூவான் நகரின் செய்ன் ஆற்றுத் துறைமுகத்தை ஓட்டல் மாடி ஜன்னலிலிருந்தே வரைந்தார். கண்ணில் நாள்பட்ட தொற்று இருந்ததால் காற்றிலும் தூசியிலும் நின்று வேலை செய்ய முடியவில்லை. பாலம், படகு, கூட்டம் மூன்றும் ஒன்றையொன்று மறைக்காமல் தெரிவதற்கு அந்த உயரமே காரணம். அவர் கையாண்டது எண்ணெய் வண்ணம். அதே அமைப்பை வாட்டர்கலரிலும் பழகலாம்.

தேவையானவை: 28×38 செ.மீ. அளவில் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாள், 6, 12 எண் ரவுண்ட் பிரஷ்கள், டிஷ்யூ, மாஸ்கிங் டேப். வண்ணம் மூன்று போதும்: அல்ட்ராமரின் (நீலம்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), எல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்).

1. தாளின் நான்கு ஓரத்தையும் பலகையில் ஒட்டுங்கள். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் அடிவானக் கோடு. பாலத்தைச் சாய்வாகப் போடுங்கள். கிடைக்கோடாகப் போட்டால் படம் இரண்டாக வெட்டுப்படும்.

2. வானத்தையும் ஆற்றையும் நனைத்து, முதலில் நீர்த்த ஓக்கர் பூசுங்கள். அது ஈரமாக இருக்கும்போதே இரண்டு பங்கு அல்ட்ராமரினும் ஒரு பங்கு சியன்னாவும் கலந்த சாம்பல் நிறத்தை மேலே விடுங்கள்.

3. புகைதான் இந்தப் படத்தின் உயிர். தாளின் பளபளப்பு மங்கத் தொடங்கும்போது, புகை வர வேண்டிய இடத்தில் கசக்கிய டிஷ்யூவால் வண்ணத்தை ஒற்றி எடுங்கள். முந்தினால் வண்ணம் திரும்ப ஓடிவந்து மூடிவிடும். பிந்தினால் ஒட்டியது வராது. தேலோ நீலம் என்ற இன்னொரு நீல வண்ணம் தாளில் ஊறிவிடும் என்பதால்தான் இங்கே அல்ட்ராமரின். பாதி காய்ந்த இடத்தில் தண்ணீர் நிறைந்த பிரஷை வைக்காதீர்கள். அந்தத் தண்ணீர் நிறமியை ஓரத்துக்குத் தள்ளி, காலிஃபிளவர் மாதிரி கறை விழும்.

4. எதிர்க்கரை ஆலைகளையும் புகைபோக்கிகளையும் ஒரே வெளிர்சாம்பல் திட்டாகப் பூசுங்கள். ஜன்னல்கள் வேண்டாம்.

5. நன்றாகக் காய்ந்தபின் பாலமும் படகுகளும். மிக அடர்ந்த நிறத்தை அருகிலுள்ள படகுகளுக்கு மட்டும் வையுங்கள். நீரில் தெரியும் பிரதிபலிப்பு நேர்கீழே விழ வேண்டும். கரிய படகின் பிரதிபலிப்பு படகைவிடச் சற்று வெளிறியிருக்கும்.

6. மனிதர்களுக்கு 6 எண் பிரஷ் நுனியால் ஒரு கீற்று, மேலே ஒரு புள்ளி. பாலத்தில் யாருடைய தலையும் அடிவானத்தைத் தொடக்கூடாது. தொட்டால் பார்வை மாடியிலிருந்து தெருவுக்கு இறங்கிவிடும். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

பிஸாரோ ஒரே நேரத்தில் பல கேன்வாஸ்களைத் தொடங்கி, வானிலைக்கேற்ப மாற்றி மாற்றி வேலை செய்தார். நீங்களும் இதே பென்சில் வரைவை இன்னொரு தாளில் எடுத்து, மழை நாளுக்கு ஓக்கரைக் குறைத்து, ஈரமான பாலத்தின் மேல் வெளிர்ந்த பட்டைகளை விட்டுப் பூசிப் பாருங்கள்.