திரும்பும் முன் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை

காரைப் பக்கத்துத் தெருவுக்குள் திருப்பும்போது, ஓரத்தில் சைக்கிள் பாதை இருந்தால் கண்ணாடியை மட்டும் நம்பாதீர்கள். கண்ணாடிக்குள் விழாத மறைவிடத்தில் ஒரு சைக்கிள் வந்துகொண்டிருக்கலாம். தலையைத் திருப்பி, தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சற்று முன் நீங்கள் முந்தி வந்த சைக்கிளையும் மறக்க வேண்டாம். திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்ததும் அது உங்களை எட்டிவிடும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வரும் சைக்கிள் 3 விநாடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும்! எனவே இண்டிகேட்டரை முன்கூட்டியே போடுங்கள். சைக்கிளைப் போகவிட்டு, அதன் பின்னால் திரும்புங்கள். சில நொடிதான் ஆகும். சந்திப்புக்கு முன் சைக்கிள் பாதைக்குள் நுழையலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும். கோடு விட்டு விட்டுப் போட்டிருக்கிறதா, தொடர்கோடா என்று கவனியுங்கள்.

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் ஒன்று. சந்திப்பில் நிற்கும் லாரி, பேருந்தின் பக்கவாட்டில் நுழையவே நுழையாதீர்கள். அவை திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தை விட்டு உள்பக்கமாக வெட்டி வரும். இண்டிகேட்டர் எரியாவிட்டாலும் சரி, பின்னாலேயே நில்லுங்கள். காராக இருந்தால் முன்சக்கரத்தைப் பாருங்கள், அது லேசாகத் திரும்பினாலே பிரேக்கில் கை வையுங்கள்.