சாம்பிராணி போடுவது எப்படி? தணல் முதல் சாம்பல் வரை

புதிதாகச் சாம்பிராணி போடுபவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கரி பாதியிலேயே அணைந்துபோகும். இல்லையென்றால் போட்ட தூள் குப்பென்று தீப்பிடித்து, கறுப்புப் புகை கிளம்பி, வீட்டிலுள்ள எல்லோரும் இருமிக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்கள். பழி சாம்பிராணி மேல் விழும். உண்மையில் கோளாறு தணலில்தான். அதனால் இந்தப் பதிவில் பாதி தணலைப் பற்றித்தான்.

எதற்காகப் போடுகிறோம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். திருஷ்டி கழியும், மூதேவி வெளியேறுவாள் என்பார் பாட்டி. அதையே ‘நெகட்டிவ் எனர்ஜி’ என்பாள் பேத்தி. இரண்டையும் அளந்து காட்டக் கருவி கிடையாது. புகை காற்றைச் சுத்தமாக்கும் என்பதையும் நான் ஏற்கமாட்டேன், புகை புகைதான். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டைப் பெருக்கித் துடைத்து, விளக்கேற்றி, அறை அறையாகத் தூபக்காலோடு நடந்து முடித்தபின் வீடும் மனசும் லேசாக இருக்கும். கடைத்தெருவில் மயிலிறகு விசிறியோடு வந்து கடை கடையாகச் சாம்பிராணி காட்டிவிட்டுப் போகும் பாவாவுக்கு, எந்தச் சாமி படம் மாட்டிய கடைக்காரரும் கல்லாவைத் திறந்து காட்டுவது அதற்காகத்தான்.

1. சரக்கு வாங்குவது

நாட்டு மருந்துக் கடைக்குப் போய் “பால் சாம்பிராணி, கட்டியாக” என்று கேளுங்கள். 50 கிராம் போதும், பல வாரம் வரும். சாம்பிராணி நம் ஊர் மரத்தில் விளைவதில்லை. சுமத்ரா, லாவோஸ் பக்கம் வளரும் ஸ்டைராக்ஸ் இன மரங்களின் பட்டையைக் கீறினால் வடிந்து உறைகிற பிசின் அது. நல்ல கட்டியை உடைத்தால் பழுப்பு நிறத்துக்கு நடுவே பால் நிறத்தில் மணி மணியாகத் தெரியும். தூளாக வாங்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மலிவான தூளில் வேறு பிசின் கலந்திருப்பது சகஜம்.

கூடவே கொஞ்சம் குங்கிலியம், அதுவும் ஒரு மரப்பிசின்தான். இதற்குக் கோயிலில் தனி மரியாதை உண்டு. திருக்கடவூரில் குங்கிலியத் தூபம் இடுவதையே தொண்டாகக் கொண்டவர் குங்கிலியக்கலய நாயனார். பசிக்கொடுமையில் மனைவி தாலியைக் கழற்றிக் கொடுத்து நெல் வாங்கி வரச் சொன்னபோது, அதற்கும் குங்கிலியமே வாங்கியவர். நாம் அந்த அளவுக்குப் போக வேண்டாம், 25 கிராம் போதும்.

இலைகளில் நொச்சியும் வேப்பிலையும் போதும். நிழலில் காயவைத்து, கையில் நொறுக்கினால் பொடியாகும் பதத்தில் எடுத்து வையுங்கள். ஈரம் இருந்தால் மணம் வராது, கண்ணெரிச்சல்தான் வரும். கொசுவுக்கு நொச்சிப் புகை போடுவது கிராமங்களில் இன்றும் இருக்கிறது. வெண்கடுகு, மருதாணி விதை, பேய்மிரட்டி இலை எல்லாம் திருஷ்டிக்கென்று சேர்ப்பவை. வீட்டு வழக்கம் இருந்தால் சேருங்கள். வெண்கடுகு மட்டும் தணலில் பட்டதும் படபடவென்று வெடித்துத் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள்.

சாமிக்குப் போட்ட பூவைக் காயவைத்து அரைத்துத் தூபமாக்கும் வீடியோக்கள் இப்போது நிறைய வருகின்றன. செய்யலாம், ஆனால் அரளிப்பூ ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது. அரளி முழுக்க விஷம், அதன் புகையும் ஆகாது. மாலையில் செவ்வரளியைக் கலந்து கட்டுவது வழக்கம் என்பதால் பிரித்துப் பார்த்துப் பொறுக்கிவிடுங்கள். நாரையும் ஜிகினாவையும் சேர்த்துத்தான்.

இணையத்தில் கட்டுக் கட்டாக விற்கும் வெள்ளை சேஜ் வேண்டுமா என்று கேட்கிறார்கள். தெற்குக் கலிபோர்னியாவையும் மெக்சிகோவின் பாஹா பகுதியையும் விட்டால் காட்டில் தானாக வளராத செடி அது. அங்குள்ள பழங்குடியினரின் சடங்குப் பொருள். வியாபாரத்துக்காகக் காட்டில் திருட்டுத்தனமாக வெட்டுகிறார்கள் என்பது அவர்களுடைய புகார். நம் தெருமுனையிலேயே நொச்சி இருக்கும்போது அது எதற்கு?

2. இடிப்பது

மிக்ஸியில் போடாதீர்கள். பிளேடின் சூட்டில் பிசின் இளகி ஒட்டிக்கொள்ளும், பிறகு அந்த ஜாரில் சட்னி அரைக்க முடியாது. சின்ன உரலில் ரவை பதத்துக்கு இடித்தால் போதும். மாவாக வேண்டாம், மாவு சீக்கிரம் தீப்பிடிக்கும். சாம்பிராணி மூன்று பங்குக்குக் குங்கிலியம் ஒரு பங்கு என்று கலந்து, மூடி போட்ட பாட்டிலில் வையுங்கள். இலைத்தூள் தனியாக இருக்கட்டும்.

3. தணல்

கொட்டாங்குச்சிதான் நல்லது. நாரை வழித்தெடுத்து, நெல்லிக்காய் அளவுச் சில்லுகளாக உடையுங்கள். ஏழெட்டுச் சில்லு போதும். தூபக்காலில் முதலில் மணலோ பழைய சாம்பலோ இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். இதை விட்டுவிட்டால் பித்தளை அடி சுட்டு, கைப்பிடி வரை சூடேறிவிடும்.

சில்லுகளை இடுக்கியில் பிடித்து அடுப்புத் தீயில் காட்டினால் பற்றிக்கொள்ளும். கொட்டாங்குச்சி எரியும்போது நிறையப் புகையும் என்பதால், தூபக்காலில் போட்டதும் பால்கனிக்கோ கொல்லைக்கோ கொண்டுபோய்விடுங்கள். கடையில் வாங்கிய கரி என்றால் நடுவில் ஒரு கற்பூரம் வைத்து ஏற்றலாம். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

இனி காத்திருக்க வேண்டும். பலரும் கெடுப்பது இங்கேதான். சுடர் இருக்கும்வரை சாம்பிராணியைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. சுடர் முழுக்க அடங்கி, சில்லெல்லாம் உள்ளுக்குள் சிவந்து, மேலே சாம்பல் மெல்லிசாக நீறு பூத்து நிற்க வேண்டும். விசிறினால் சிவப்பு பளிச்சிடும், விட்டால் மறுபடி வெளுக்கும். அதுதான் பதம். அந்தச் சாம்பலை ஊதித் தள்ளிவிடாதீர்கள். பிசின் நேராக நெருப்பில் விழாமல், மெதுவாக உருகி ஆவியாக விடுவது அந்தப் படலம்தான். சாம்பிராணியில் உள்ள பென்சாயிக் அமிலமும், வெனிலா வாசனைக்குக் காரணமான வெனிலினும் அப்படி ஆவியானால்தான் அந்த இனிப்பு மணம். சுடரில் விழுந்தால் எல்லாம் எரிந்து கரிப்புகைதான் மிஞ்சும். பென்சாயிக் அமிலம் தொண்டையை அரிக்கும் என்பதால், பதமான தணலிலும் அளவு மீறினால் இருமல் வரும்.

4. வீட்டுக்குக் காட்டுவது

எதிரெதிராக இரண்டு ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் சாம்பல் பறக்கும். ஒரு சிட்டிகை கலவையைத் தூவினால் வெள்ளைப் புகை எழும். புகை கறுப்பாக வந்தால் சூடு அதிகம், கொஞ்சம் சாம்பலை மேலே தூவி அடக்குங்கள்.

பூஜை அறையில் தொடங்கி, கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், அலமாரி மூலை, சமையலறை என்று போய் வாசலில் முடிப்பது எங்கள் வழக்கம். வாசலில் தொடங்கி உள்ளே வருகிறவர்களும் உண்டு, அதில் சண்டை போட ஒன்றுமில்லை. அறைக்கு ஒரு சிட்டிகை. புகை மெலிந்தால் மட்டும் அடுத்த சிட்டிகை. இலைத்தூளைக் கடைசியில், கொசு அதிகம் இருக்கும் இடத்தில் போடுங்கள். திரைச்சீலை, கொசுவலை, தொங்கும் நைலான் புடவைப் பக்கம் கவனம்.

அடுக்குமாடியில் புகை அலாரம் இருந்தால் அதற்கு நேர் கீழே நிற்காதீர்கள்.

5. உடம்புக்கும் தலைமுடிக்கும்

திருஷ்டிக்கென்றால், ஆளைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, பெரியவர் ஒருவர் “ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு” என்று சொல்லிக்கொண்டே தூபக்காலை மூன்று சுற்றுச் சுற்றுவார். உப்பு மிளகாய் போடும் பழக்கம் இருந்தால் அதை வெளியே வைத்துச் செய்யுங்கள். மிளகாய் நெடி உள்ளே பரவினால் யாராலும் நிற்க முடியாது.

எண்ணெய் தேய்த்துக் குளித்த தலைக்குப் போடுவது தனிக் கலை. துண்டால் நன்றாகத் துவட்டி, லேசான ஈரம் இருக்கும்போதே, தூபக்கால் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் முடியை விரித்துவிட வேண்டும். தணலுக்கும் முடிக்கும் நடுவே குறைந்தது ஒரு முழம் இடைவெளி. முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் போதும், வாசனை அடுத்த குளியல் வரைக்கும் இருக்கும்.

பச்சைக் குழந்தைக்கு மட்டும் வேண்டாம். “நாங்கள் எல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்” என்று மாமியார் சொல்வார். குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள், அவர்கள் சொல்வது சரி. அத்தனை சின்ன நுரையீரலுக்கு எந்தப் புகையும் கெடுதல்தான். வீஸிங், ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இருந்தாலும் புகை முழுக்க வெளியேறும்வரை வேறிடத்தில் இருக்கட்டும். கூண்டுப் பறவைகளுக்கும் இதே விதி.

6. அணைப்பது

புகை நின்றாலும் ஆபத்து நிற்பதில்லை. கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வடமாநிலங்களில் குளிர்காலத்தில் அறைக்குள் அங்கீட்டி என்ற கரியடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி அடிக்கடி வரும். அதனால் மிச்சத் தணலை வீட்டுக்குள், முக்கியமாக ஏசி அறையில், வைக்கவே கூடாது. வெளியே வைத்து மண் போட்டு மூடுங்கள். மறுநாள் காலை தொட்டுப் பார்த்துச் சாம்பலைச் செடிக்குப் போடலாம். பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் அன்றிரவே கொட்டினால் தொட்டி உருகும்.

தூபக்காலில் ஒட்டிய பிசின் தண்ணீருக்கும் புளிக்கும் அசையாது. சாம்பிராணி சாராயத்தில் கரையும் சரக்கு. மருந்துக்கடையில் விற்கும் டிங்சர் பென்சாயின் அப்படிக் கரைத்ததுதான். தூபக்கால் முழுக்க ஆறியபின் பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் கறை போய்விடும். பிறகு வழக்கம்போலப் புளி போட்டுத் தேய்த்து, ஈரம் போகக் காயவைத்து எடுத்து வையுங்கள்.