தைப் பனியும் முளைவிட்ட கிழங்கும்: மலைநாட்டு வீட்டுத் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கல் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துக்குக் கீழே புதிதாகத் தோட்டம் போடும் தம்பி ஒருவர் மம்பட்டியோடு இறங்கிவிட்டார். பகலில் நல்ல வெயில், வானத்தில் ஒரு மேகம் இல்லை, மண்ணும் கிளறுவதற்குப் பதமாக இருந்தது. பக்கத்தில் ஒரு பை. அதற்குள் சந்தையில் வாங்கி அடுப்படி மூலையில் கிடந்து முளைவிட்ட உருளைக்கிழங்கு.

"பாருங்கக்கா, எவ்வளவு நல்லா மொளச்சிருக்கு. எதுக்குக் காசு குடுத்து வெத வாங்கணும்?"

இருபது வருடத்துக்கு முன்னால் இதே மாதத்தில் இதே மாதிரி ஒரு பையோடு நான் நின்றேன். இதே வார்த்தையைத்தான் நானும் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தண்ணீர் ஊற்ற மறப்பது, களையை விடுவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அதைச் செடியே சொல்லிக்கொடுத்துவிடும். நுவரெலியா, கந்தப்பளை, இராகலை, அம்பேவளை, பட்டிப்பொல போன்ற உயரமான இடங்களில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன். வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்களுக்கு மழைக் கணக்கு வேறு. ஆனால் கிழங்கைப் பற்றிச் சொல்வது அவர்களுக்கும் பொருந்தும்.

வெயிலைப் பார்த்துப் பனியை மறப்பது

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். தை பிறந்துவிட்டது என்று போஞ்சியையும் தக்காளியையும் நடுகிறவர்கள் அந்தப் பழமொழியின் பின்பாதியை மறந்துவிடுகிறார்கள். மாசி என்பது பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை. நுவரெலியா நகரமே ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பகலில் 20 பாகை வெயில் அடித்த அதே நாள் இரவில் புல்லின் மேல் துகள்பனி விழும்.

வெப்பமானியை நம்பியும் ஏமாறுகிறார்கள். சுவரில் தொங்கும் வெப்பமானி 3 அல்லது 4 பாகை காட்டும்போதே தரையை ஒட்டிய இலை பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் இலை தன் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிடுகிறது, அதுதான் காரணம். அதனால் சாயங்காலம் வானத்தைப் பாருங்கள். காற்று அடங்கி, நட்சத்திரம் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரிந்தால் அன்றைக்குச் சாக்கை எடுத்துவைக்க வேண்டும். குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரிப் பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். ஓடைக்கரைப் பாத்தி கருகிக் கிடக்கும்போது முப்பது அடி மேலே இருக்கும் பாத்திக்கு ஒன்றும் ஆகாமல் இருப்பது இதனால்தான். முதலில் நடுவது மேல்பாத்தியில் இருக்கட்டும்.

கோவா, லீக்ஸ், கரட் எல்லாம் இந்தப் பனியைத் தாங்கும். போஞ்சி, தக்காளி, கறிமிளகாய், உருளைக்கிழங்கின் இளந்தளிர் தாங்காது. மூடுவதற்குச் சாக்கோ பழைய துணியோ நல்லது. இலையில் படாமல் நாலு குச்சி நட்டு அதன்மேல் போடுங்கள், வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். பொலித்தீன் இலையைத் தொட்டால் தொட்ட இடமெல்லாம் கருகும். மூடாமல் தூங்கிவிட்டால், சூரியன் வருவதற்கு முன்னால் எழுந்து தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடலாம். மரக்கறிக்காரர்கள் விடியற்காலையில் குழாயோடு நிற்பது அதற்காகத்தான்.

கருகிய இலையை உடனே வெட்டி எடுக்காதீர்கள். அடுத்த பனி விழும்போது உள்ளே இருக்கும் குருத்துக்கு அந்தக் கருகல்தான் குடை.

மானாப்புல்லை அவசரப்பட்டுப் பரப்புவது

காய்ந்த காலத்தில் மண்ணைப் புல்லால் மூடவேண்டும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். சரிதான், ஆனால் பனி முடிந்த பிறகு. ஈரமான வெறும் மண் பகலில் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு இரவில் மெதுவாகச் செடிக்குக் கொடுக்கும். மேலே புல் பரப்பினால் அந்தச் சூடு புல்லுக்குக் கீழேயே நின்றுவிடும், செடி குளிரில் தனியாக நிற்கும். ஆகவே பனிக்காலத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு முன்னால் மண்ணுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள், இலையை நனைக்க வேண்டாம். மாசி பாதி போனதும் மானாப்புல்லைத் தாராளமாகப் போடுங்கள்.

ரோசாவைப் பொங்கலுக்கே வெட்டுவது

வெட்டியதும் வரும் தளிரைப் பனி எரிக்கும். ஏப்ரல் சீசனுக்குப் பூ வேண்டுமென்றால் பெப்ரவரி நடுவில் வெட்டினால் போதும்.

சாப்பாட்டுக் கிழங்கை விதையாக நடுவது

மற்றத் தவறுகளில் ஒரு போகம் போகும். இதில் நிலமே போகும். இத்தனை வருடம் கழித்தும் ஒருவர் முளைவிட்ட சந்தைக் கிழங்கைக் கையில் வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

அந்த முதல் வருடம் மூன்று கிலோ நட்டேன். மாசிப் பனிக்குச் சாக்குப் போட்டுக் காப்பாற்றி, மண் அணைத்து, மார்ச் கடைசியில் பார்த்தபோது செடிகள் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரை கரும்பச்சையாக நின்றன. லயத்தில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஏப்ரலில் சூடு ஏறியது. ஒருநாள் மத்தியானம் இரண்டாவது வரிசையில் ஒரே ஒரு செடி தலை தொங்கி நின்றது. மஞ்சள் இல்லை, புள்ளி இல்லை, பச்சை இலை அப்படியே துவண்டிருந்தது. சாயங்காலம் நிமிர்ந்துவிட்டது. வெயில்தான் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினேன். மறுநாளும் அப்படியே. மறுபடி ஊற்றினேன். நான்காம் நாள் அது நிமிரவில்லை. அந்த வாரத்துக்குள் அதற்குக் கீழே சரிவில் இருந்த ஐந்து செடிகளும் விழுந்தன.

தோட்டத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். எதுவும் சொல்லாமல் விழுந்த செடியின் அடித்தண்டை இரண்டு விரல் நீளத்துக்கு வெட்டினார். கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தண்டின் வெட்டுவாய் மட்டும் தண்ணீரில் படும்படி பிடித்துக்கொண்டார். இரண்டு மூன்று நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளை நூல் ஒன்று இறங்கியது. பாலில் நனைத்த நூல் மாதிரி, நேராகக் கீழே, கலையாமல். அப்புறம் இன்னொன்று. "இனி இந்த மண்ல கெழங்கு வேணாம்மா" என்றார்.

அது பக்டீரியா வாடல். ரால்ஸ்டோனியா சொலனாசியாரம் என்ற பக்டீரியா தண்டின் நீர்க்குழாய்களுக்குள் பெருகி அடைத்துவிடுகிறது. மண்ணில் தண்ணீர் இருந்தும் இலைக்கு ஏறாது. நான் ஊற்றிய தண்ணீர் செடிக்குப் போகவில்லை, நோயைத்தான் அடுத்த குழிக்குக் கொண்டுபோனது. கிழங்கைத் தோண்டிப் பார்த்தோம். கண்களில் ஈரமண் ஒட்டிக்கொண்டு உதிராமல் இருந்தது. குறுக்கே வெட்டினால் தோலுக்குச் சற்று உள்ளே பழுப்பு வளையம். அழுத்தினால் அந்த வளையத்திலிருந்து சீழ் மாதிரி வெள்ளை கசிந்தது.

நான் நட்ட கிழங்கில் இது எதுவுமே தெரியவில்லை. ஏமாற்றம் அங்கேதான். குளிர்ந்த இடத்தில் விளைந்த கிழங்குக்குள் இந்தப் பக்டீரியா அடையாளம் காட்டாமல் தூங்கும். சமைத்துச் சாப்பிட ஒரு கெடுதியும் இல்லை. மண்ணுக்குள் போய், சூடும் ஈரமும் சேர்ந்ததும் எழுந்துவிடும். தோல் வழவழப்பு, முளையின் அழகு எதை வைத்தும் விதைக்கிழங்கைத் தேர முடியாது. சந்தையில் கிடப்பது எந்த ஊர் மண்ணில் விளைந்தது என்று விற்கிறவருக்கே தெரியாது. வெளிநாட்டிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

என் பாத்திக்குக் கீழே ஓர் அத்தையின் பாத்தி இருந்தது. அவர் வாழ்நாளில் உருளைக்கிழங்கு நட்டதில்லை. முப்பது தக்காளிச் செடி வைத்திருந்தார். ஏப்ரல் மழைக்கு என் பாத்தித் தண்ணீர் அங்கே இறங்கியது. மே மாதம் அவருடைய தக்காளி விழுந்தது, பச்சை இலையோடு, அதே மாதிரி. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கும் அவர் முன்னால் தக்காளி என்று பேச்சு வந்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. சமவெளியில் உங்கள் தவறு உங்கள் வேலிக்குள் நிற்கலாம். மலையில் அது தண்ணீரோடு கீழே இருப்பவர் வீட்டுக்குப் போய்விடும்.

இதற்கு மருந்து கிடையாது. மருந்து என்று சொல்லி யார் எந்தப் போத்தலை நீட்டினாலும் வாங்காதீர்கள். நான் நாலு வருடம் அந்த நிலத்தில் உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, மிளகாய் என்று அந்தக் குடும்பத்தில் எதையும் நடவில்லை. லீக்ஸ், கரட், கோவா, ராபு, சோளம் மட்டும் மாற்றி மாற்றி வைத்தேன். அதைவிடக் கடினமான வேலை, மண்ணில் தங்கிப்போன சிறு கிழங்குகள் தானாக முளைத்து வருவதைத் தேடித்தேடிப் பிடுங்குவது. ஒன்றை விட்டாலும் நோய் அதில் உயிரோடு இருக்கும். வேலியோரத்து மணத்தக்காளியும் அதே குடும்பம்தான், அதையும் விடவில்லை. மம்பட்டியையும் மண் கிளறும் முள்ளையும் கழுவிக் காயவைக்காமல் அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகவில்லை.

உருளைக்கிழங்கு நட ஆசையா? சான்று பெற்ற விதைக்கிழங்கை மட்டும் வாங்குங்கள். விவசாயத் திணைக்களத்தின் விதைக்கிழங்குப் பண்ணைகள் நுவரெலியாவைச் சுற்றித்தான் இருக்கின்றன. எங்கே, எப்போது கிடைக்கும் என்று உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள், அல்லது திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். கோழிமுட்டை அளவுக் கிழங்கை முழுசாக நடுங்கள். கிழங்கை மிச்சம்பிடிக்க வெட்டி நட்டால் ஒரு நோயுள்ள கிழங்கில் பட்ட கத்தி பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் தொற்றவைக்கும். விதை கிடைக்கவில்லையா, அந்த வருடம் லீக்ஸ் நடுங்கள். பத்துக் கிலோ கிழங்கைக் கடையில் வாங்கினால் ஆகும் செலவையும், நாலு வருடம் தக்காளியும் மிளகாயும் இல்லாத தோட்டத்தையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

செடி துவண்டால் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் அந்தக் கிளாஸ் சோதனையைச் செய்யுங்கள். நூல் இறங்கினால் அந்தச் செடியை வேரோடும் சுற்றி இருக்கும் மண்ணோடும் சாக்கில் அள்ளி எடுத்து எரித்துவிடுங்கள். கூட்டெருக் குழியில் போடாதீர்கள், ஓடையில் எறியாதீர்கள்.

டொலமைட்டை எல்லாப் பாத்திக்கும் வீசுவது

நமது தேயிலை மண் புளித்த மண். தேயிலைக்கு அது சுகம், கோவாவுக்குச் சிரமம். புளிப்பு மண்ணில் கோவாவின் வேர் கட்டிகட்டியாக வீங்கும் வேர்முடிச்சு நோய் வரும், நோக்கோலுக்கும் ராபுக்கும் வரும். அந்தப் பாத்திகளுக்குப் புளிப்பைக் குறைக்க, நடுவதற்கு இரண்டு வாரம் முன்னால் டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளைப் போட்டுக் கிளறிவிடுவது நல்லது. உருளைக்கிழங்குப் பாத்திக்குப் போட்டால் கிழங்குத் தோலில் சொறி அதிகமாகும். அடுப்புச் சாம்பலும் அதே வேலையைத்தான் செய்யும். டொலமைட்டையும் யூரியாவையும் ஒரே நாளில் போட்டால் பசளையின் சத்தில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும், இரண்டுக்கும் நடுவில் இரண்டு வாரமாவது விடுங்கள்.

நாற்று வாங்கும்போது ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். சின்ன முடிச்சு இருந்தாலும் அந்தக் கட்டே வேண்டாம்.

பச்சைக் கோழி எரு

மூன்று மாதம் மக்கவிடுங்கள்.

கரட்டை நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவது

கவட்டைக் கிழங்குதான் கிடைக்கும். நேராக விதையுங்கள்.

கான் வெட்டாமல் ஏப்ரலுக்குப் போவது

மார்ச்சில் மண் புழுதியாகக் கிடக்கும்போது மழைத்தண்ணீர் வடியும் கானைப் பற்றி யாருக்கும் நினைவு வராது. மார்ச் கடைசியில், ஏப்ரலில் பிற்பகல் இடியோடு மழை இறங்கும். ஒரு மணி நேரம்தான், ஆனால் இரண்டு மாதம் காய்ந்து இளகிக் கிடக்கும் மண்ணை அது அள்ளிக்கொண்டு போகும். பாத்தியைச் சரிவின் போக்கில் போட்டவர்களுக்கு நாற்றும் மிஞ்சாது. பாத்தி சரிவுக்குக் குறுக்கே இருக்கட்டும். அதற்கு மேலே ஒரு முழம் அகலத்தில், சற்றே ஒருபக்கம் சாய்ந்த கான் வெட்டுங்கள். பழைய கான் இருந்தால் தூர்ந்த மண்ணை அள்ளி மேல்கரையில் போட்டு, கரையில் மானாப்புல் நடுங்கள்.

கானின் வாய் எங்கே திறக்கிறது என்று கடைசிவரை நடந்து போய்ப் பாருங்கள். என் கான் இப்போது அத்தையின் பாத்தியைச் சுற்றி, கொய்யா மரத்துக்குப் பின்னால் போய் ஓடையில் சேர்கிறது. அதை வெட்ட மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது.