வீட்டில் பிரசவம் பார்க்க ஆள் தேடுகிறீர்களா? முதலில் இதைக் கேளுங்கள்

அந்தியூர்ப் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கும் என் தங்கச்சி ஆறாம் மாசத்தில், "வீட்டுலயே பெத்துக்கறனக்கா" என்றாள். எனக்கு அதில் சம்மதமில்லை. 2018-ல் திருப்பூரில் பயிற்சி பெற்றவர் யாரும் இல்லாமல் வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய், ரத்தப்போக்கில் ஒரு பெண் இறந்ததை மறக்க முடியவில்லை. முதல் பிரசவம் என்றால் ஆஸ்பத்திரிதான் நல்லது என்று இப்போதும் சொல்வேன். ஆனாலும் அவள் உறுதியாக இருந்ததால், ஆள் பார்க்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

1. வீட்டில் பார்க்கலாமா என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்குத் தரும் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். முன்பு சிசேரியன் ஆகியிருந்தாலோ, இரட்டைக் குழந்தை, சர்க்கரை, ரத்தச்சோகை இருந்தாலோ, குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருந்தாலோ, ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலோ, 37 வாரத்துக்கு முன் வலி வந்தாலோ வீட்டுப் பேச்சே வேண்டாம்.

2. வருபவர் யார் என்று பாருங்கள்

டூலா என்பவர் கைபிடித்துத் தைரியம் சொல்லும் துணை, அவ்வளவுதான். பிரசவம் பார்ப்பது அவர் வேலை இல்லை. ஊர் மருத்துவச்சிப் பாட்டியின் அனுபவம் பெரிதுதான், ஆனால் ரத்தம் நிற்காவிட்டால் அவர் கையில் மருந்து கிடையாது. மிட்வைஃப், அதாவது பிரசவம் பார்ப்பதற்கான படிப்பு முடித்து, தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிந்தவரா என்று சான்றிதழை வாங்கிப் பாருங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

3. பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

நாங்கள் பார்த்த சிஸ்டர் கட்டிலில் துண்டை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கையுறை, தொப்புள்கொடிக் கிளிப், குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பையும் முகமூடியும். பிறந்து ஒரு நிமிடத்துக்குள் குழந்தை மூச்சு விட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பைதான் உயிர். கடைசியாக ஐஸ் பெட்டியிலிருந்து ஆக்ஸிடாசின் ஊசி மருந்து வந்தது. ரத்தப்போக்கைத் தடுக்கும் அந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். நம்மூர் சித்திரை வெயிலில் கைப்பையில் கிடந்தால் வீரியம் போய்விடும். அப்புறம், "உங்களுக்கு முடியலைன்னா, உங்க இடத்துல யாருங்க வருவாங்க?" என்றும் கேளுங்கள். நல்ல பிரசவத்துக்கே இரண்டு பேர் வேண்டும். தாய்க்கு ஒருவர், குழந்தைக்கு ஒருவர்.

4. எப்போது முடியாது என்பார்?

எல்லாவற்றுக்கும் "பார்த்துக்கலாமுங்க" என்று தலையாட்டுபவர் வேண்டாம். இந்த சிஸ்டர், "பனிக்குடத் தண்ணி பச்சையா வந்தா, ரத்தம் கூடுதலாப் போனா, குழந்தையோட இதயத்துடிப்பு குறைஞ்சா உடனே கிளம்பணும், அப்ப என்கிட்ட வாதாடக்கூடாதுங்க" என்றார். அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

5. தூரத்தை அளந்து பாருங்கள்

சிசேரியனும் ரத்தம் ஏற்றும் வசதியும் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ராத்திரி நேரத்தில் ஒருமுறை வண்டியிலேயே போய்ப் பாருங்கள். தாளவாடி, பர்கூர், கொல்லிமலை போன்ற மலையூர்க்காரர்கள் தேதிக்கு முன்பே கீழே இறங்கி உறவினர் வீட்டில் தங்குவதுதான் சரி. 108 வண்டி சாளை வரைக்கும் வருமா, தடத்தில் திரும்ப இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

38-வது வாரத்தில் சிஸ்டர் வந்து தங்கச்சிக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். 146/96. கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார், இறங்கவில்லை. பட்டையைச் சுருட்டியபடியே, "கண்ணு, துணியை எடுத்து வை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம்" என்றார். தங்கச்சி அழுதாள். சிஸ்டர் அவள் கையை விடாமல் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.